மண்ணிலைதான் பிழை

மோட்டார் வண்டியின் விளக்குக்கு இரண்டு வழி வேண்டும். பற்றரியிலிருந்து மின்சாரம் போக ஒன்று, திரும்பி வர ஒன்று. போவதற்கு வயர் இழுப்போம். வருவதற்குத் தனியாக வயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே வழி. இங்கிலீசுப் புத்தகத்தில் அந்த வழிக்கு ‘எர்த்’ என்று பெயர். அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த, மோட்டார் வண்டி திருத்தும் கராச்சில் யாரும் அதை எர்த் என்று சொன்னதில்லை. பூமி என்று சொல்லியிருக்கலாம், தரை என்று சொல்லியிருக்கலாம். எவனோ ஒருவன் முதல் நாள் ‘மண்’ என்று சொல்லிவிட்டான், அதுவே நிலைத்துப் போயிற்று.

லொறி நிற்பது ரப்பர்ச் சில்லில். அதன் இரும்பு நிலத்தைத் தொடுவதேயில்லை. இருந்தாலும் எங்களுக்கு அது மண். ‘மண் விட்டுப்போச்சு’ என்போம். ‘மண் பிடிக்கேல்லை’ என்போம். வண்டிக்காரர்கள் குனிந்து தங்கள் காலடியைப் பார்ப்பார்கள். நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

அந்தச் சொல்லால்தான் என் தங்கச்சியின் புருசன் செத்தார். இதை வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டாம் உலக யுத்தகாலம். பெற்றோலுக்குக் கூப்பன். ஒரு லொறியின் எண்ணெயில் இரண்டு லொறிச் சாமான் ஏற்ற எல்லோரும் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் பழைய காரொன்றின் பின் அச்சையும் இரண்டு சில்லையும் எடுத்து, மேலே பலகை அடித்து, லொறிக்குப் பின்னால் கொழுவி இழுக்க ஒரு வண்டி செய்வித்தார். அதைப் பின்பெட்டி என்று சொல்லுவோம். வெங்காயமும் கத்தரிக்காயும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு விடியற்புறம் பருத்தித்துறைச் சந்தைக்குப் போவார். திரும்பி வரும்போது கருவாடு ஏற்றுவார். தங்கச்சி அந்த மணத்தைத் திட்டியபடியே பெட்டியைக் கழுவி விடுவாள்.

பின்பெட்டி கொழுவினால் லொறியின் பின்விளக்கு அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே பெட்டியிலும் ஒரு சிவப்பு விளக்கு இருக்க வேண்டும். அதைப் பூட்டியவன் நான். லொறியிலிருந்து ஒரே ஒரு வயரைப் பெட்டிக்கு இழுத்தேன். திரும்பி வர, லொறியையும் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கொழுக்கி போதும் என்று நினைத்தேன். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு முழம் வயர் கிடைப்பதே பெரும்பாடு என்று இப்போது சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், நான் அதைப்பற்றி யோசிக்கவேயில்லை.

ஒரு கிழமைக்குள் விளக்கு அணைந்தது. நான் போய் விளக்கின் குமிழைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தந்தி அறுந்திருந்தால் கிலுகிலுக்கும். சத்தம் இல்லை. இருந்தாலும் வேறு குமிழ் போட்டேன். எரிந்தது. ‘குமிழ் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாளில் திரும்பவும் அணைந்தது. வயர் சில்லுக்கு மேலால் போகும் இடத்தில் உராய்ந்து உறை தேய்ந்திருந்தது. தார்ச்சீலை சுற்றினேன். எரிந்தது. ‘வயர் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் தரமும் அணைந்தது.

வைத்தியனுக்குத் தெரியாத வருத்தம் வந்தால் அவன் நோயாளியின் சாப்பாட்டைக் குறை சொல்லுவான். நான் றோட்டைக் குறை சொன்னேன். என் கண்முன்னே அது ஒருநாளும் அணைந்ததில்லை. நான் வந்து பெட்டியைத் தட்டுவேன், ஆட்டுவேன், கொழுக்கியைக் கழற்றி மாட்டுவேன். உடனே எரியும். மச்சான் லொறியை எடுத்துக்கொண்டு பருத்தித்துறை வழியிலுள்ள வல்லை வெளியைத் தாண்டுவதற்குள் அணைந்துவிடும்.

மச்சான் பகிடிக்காரர். ஊரில் அவர் பகிடிக்கு ஆட்கள் கூடி நிற்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அது என்மேல் வராத வரைக்கும். ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் நாங்கள் எதிரெதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ அவரிடம், ‘என்ன, லைற் சரியோ?’ என்று கேட்டார்கள்.

“மச்சான் பூட்டின லைற் எல்லோ, குறை சொல்லேலாது. வீட்டிலை நிக்கேக்கை நல்லா எரியும். றோட்டிலை ஆக்களைக் கண்டால் பொம்பிளை பாக்க வந்த வீட்டுப் பெட்டை மாதிரி வெக்கத்திலை ஒளிச்சிடும்” என்றார்.

பந்தி முழுவதும் சிரித்தது. பரிமாறியவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் பாயசத்துக்கு இருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழும்பினேன்.

“மச்சான், இரும். பகிடிக்குத்தானே சொன்னனான்” என்று அவர் பின்னால் கூப்பிட்டார்.

“இனி உம்முடை வீட்டுப் படலையை நான் மிதிச்சால் என்னை என்னெண்டு கேளும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த விளக்கு என்னை விடவில்லை. கராச்சில் வேறு வண்டிகளுக்குக் கீழே படுத்துக்கொண்டும் அதையே யோசித்தேன். குமிழ் சரி, வயர் சரி, சுவிச்சு சரி. அப்படியானால் போகிற வழியில் பிழை இல்லை. திரும்புகிற வழியில்தான் பிழை. திரும்புகிற வழி கொழுக்கி. அப்போதுதான் மச்சானின் பழக்கம் நினைவுக்கு வந்தது. கொழுக்கி கிறீச்சிடுவது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு கை கிறீஸ் எடுத்து, தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசுவதுபோல் அதற்குப் பூசுவார். தன் வண்டி சத்தமில்லாமல் போகிறது என்பதில் அவருக்குப் பெருமை. அந்தக் கிறீஸ்தான் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நின்று வழியை மறித்தது. நான் வந்து கழற்றி மாட்டும்போது கிறீஸ் விலகி இரும்பு தொடும், விளக்கு எரியும். அவர் திரும்பப் பூசுவார், அணையும்.

ஒரு முழம் வயரை எடுத்து, பெட்டியின் சட்டத்தையும் லொறியின் சட்டத்தையும் சுரண்டி, வயரின் இரண்டு நுனியையும் அவற்றில் முடுக்கிவிட்டால் சரி. பத்து நிமிச வேலை. அவர்கள் வீடு கராச்சிலிருந்து நடந்துபோகிற தூரம், கால் கட்டை, கால் மைல்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தில் நான் எழும்பிப் போகத்தான் பார்த்தேன். வாசல்வரைக்கும் போனேன். பந்தியின் சிரிப்பு காதில் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானம் தங்கச்சி கராச்சுக்கு வந்தாள். முருங்கைக்காயும் கொஞ்சம் வெங்காயமும் கடகத்தில் கொண்டு வந்திருந்தாள். சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“அண்ணை, உங்கடை மச்சான் நாளைக்கு விடிய வெளிக்கிடுறார். ஒருக்கா வந்து பாருங்கோவன். அவர் வாய் அப்பிடித்தான், மனசிலை ஒண்டுமில்லை.”

“நான் வரமாட்டன்.”

“எனக்காக வாங்கோ அண்ணை.”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் வைத்திருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: “மண்ணிலைதான் பிழை. மண்ணை வடிவாப் பாக்கச் சொல்லு. அவ்வளவுதான்.”

“மண்ணோ?”

“ஓம், மண்தான். அவருக்கு விளங்கும்.”

அவருக்கு விளங்காது என்று எனக்குத் தெரியும். விளங்காமல் அவரே என்னைத் தேடி வரட்டும் என்று நினைத்தேன். என் படலையில் நின்று, ‘மச்சான், மண் எண்டால் என்ன?’ என்று கேட்கட்டும். அப்போது சொல்லலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விதான். தங்கச்சி தலையாட்டிவிட்டு வெறுங்கடகத்தோடு போனாள். பின்னேரம் முழுவதும் நான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

அடுத்த நாள் காலமை ஒருவர் சைக்கிளில் வந்து கராச் வாசலில் நின்றார். அவர் இறங்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வல்லை வெளியில் பின்விளக்கு அணைந்திருக்கிறது. மச்சான் எப்படியோ அறிந்து லொறியை ஓரங்கட்டி நிறுத்தி, ரோச் லைற்றோடு இறங்கி, லொறிக்கும் பெட்டிக்கும் நடுவே குந்தியிருந்து பார்த்திருக்கிறார். பின்னால் இன்னொரு லொறி வந்தது. யுத்தகாலச் சட்டப்படி அதன் முன்விளக்குகளுக்கு மூடி போட்டு ஒரு கீற்று வெளிச்சம்தான் விட்டிருந்தார்கள். இருட்டில் இருட்டாக நின்ற பெட்டி அந்தச் சாரதிக்குத் தெரியவில்லை. அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. இடித்த இடியில் பெட்டி முன்னால் போய் லொறியோடு நெருங்கியது. நடுவில் மச்சான்.

நான் போகும்போது அவரைப் பருத்தித்துறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் றோட்டிலேயே போய்விட்டது என்று நின்றவர்கள் சொன்னார்கள். வெங்காயம் வெளியெங்கும் சிதறிக் கிடந்தது. அவருடைய ரோச் லைற் பள்ளத்தில், பகல் வெளிச்சத்தில், எரிந்தபடியே கிடந்தது. நான் அதை எடுத்து அணைத்தேன்.

பிறகு பெட்டியின் பின்பக்கம் போனேன். பலகை உடைந்திருந்தது, விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்திருந்தது. ஆனால் மிச்சமிருந்த இடமெல்லாம் அப்படிச் சுத்தம். எங்கள் ஊர்ச் செம்மண் லேசில் போகாது. வேட்டியில் பட்டால் வேட்டி கிழியும்வரை இருக்கும். அந்தப் பெட்டியின் இடுக்குகளில், சில்லின் உள்ளே, விளக்கின் மூடியைச் சுற்றி, ஒரு பொட்டுச் செம்மண் இல்லை. தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. மண்ணை வடிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

குமிழ் உடையவில்லை. அறுந்த வயரை முறுக்கிச் சேர்த்தேன். சட்டைப்பையில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது. அதன் ஒரு நுனியை லொறியின் இரும்பிலும் மறு நுனியைப் பெட்டியின் இரும்பிலும் அழுத்திப் பிடித்தேன். குமிழ் எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. கொழுக்கியில் புதுக் கிறீஸ் மினுங்கிக்கொண்டிருந்தது. நின்றவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

செத்தவீட்டில் தங்கச்சி நெஞ்சிலடித்து அழுதாள். “அண்ணை சொன்ன மண்ணை ஆர் விட்டது, என்ரை ராசா, அண்ணை சொன்ன மண்ணை ஆர் விட்டது” என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். கூடியிருந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. நான் முதல் நாளே எச்சரித்தேன், அவர் அசட்டை செய்துவிட்டார் என்று பந்தலில் கதை நடந்தது. ஒரு பெரியவர் வெற்றிலையைக் குதப்பியபடி, “கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை?” என்றார். நான் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதன் சொற்கேட்டவர். நான் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் கேட்டவர். அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனோம். கேணியில் முழுகிவிட்டு வரும்போது, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் அவள் வெள்ளைச் சீலையோடு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்காமல் புருசன் போய்ச் செத்தார் என்றாவது ஒரு காரணம் அவளுக்கு இருக்கிறது. அதையும் பிடுங்கி, உன் அண்ணனின் வீம்பால் செத்தார் என்று சொல்லவா? அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கும்.

கராச்சில் அதற்குப் பிறகு ‘மண்’ என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை. ‘திரும்புற வயர்’ என்றேன். எந்தப் பின்பெட்டி வந்தாலும் கேட்காமலே தனி வயர் போட்டேன்.

தங்கச்சி மாறிப்போனாள். முன்பு அவள் அப்படியொன்றும் துப்பரவு பார்ப்பவள் இல்லை. இப்போது விடிய எழும்பினால் முற்றம் கூட்டுவாள். கூட்டி முடிந்து திரும்பவும் கூட்டுவாள். வெங்காயத்தை ஒவ்வொன்றாகக் கழுவுவாள். படிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி தண்ணீரும் தும்பும் இருக்கும். கால் கழுவாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. என் சைக்கிளின் சில்லைக்கூடக் கழுவிவிட்டுத்தான் முற்றத்தில் விட வேண்டும். குனிந்து என் குதிக்காலைப் பார்த்து, “அதிலை இன்னும் கிடக்கு அண்ணை” என்பாள். ஊரில் சிரித்தார்கள். நானும் அவளை ஆசாரக்காரி என்று கேலி செய்திருக்கிறேன். புருசனை இழந்த பொம்பிளைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும்தானே என்று நினைத்தேன்.

ஏழு வருசம் இப்படிப் போயிற்று.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம். தோட்டமொன்றில் நின்றுபோன தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைத் திருத்திவிட்டு முழங்கால்வரை சேற்றோடு வந்தேன். களைப்பு, பசி. படியில் நின்று கழுவினேன். “இன்னும் கிடக்கு” என்றாள். திரும்பக் கழுவினேன். “விரலுக்கிடையிலை அண்ணை” என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வாளியைக் காலால் தட்டிவிட்டேன்.

“என்ன நீ, எந்த நேரம் பாத்தாலும் மண், மண் எண்டு! கொஞ்சம் மண் உள்ளை வந்தால் என்ன குடியே முழுகிப்போம்?”

அவள் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தினாள். சாந்தமாகத்தான் சொன்னாள்: “கொஞ்ச மண்ணாலைதானே அண்ணை அந்த மனிசன் போனது.”

நான் படியிலேயே இருந்துவிட்டேன். இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மண் என்று நாங்கள் எதைச் சொல்லுவோம், கொழுக்கி, கிறீஸ், ஒரு முழம் வயர், அவர் வந்து கேட்கட்டும் என்று நான் இருந்தது எல்லாம் சொன்னேன். “அவர் சொன்னதைக் கேக்காமல் போகேல்லை பிள்ளை. கேட்டவர். பெட்டியைக் கண்ணாடி மாதிரிக் கழுவியிருந்தவர்.”

“அவர் கழுவேல்லை” என்றாள்.

“என்ன?”

“நான்தான் கழுவினனான். அவருக்கு அண்டைக்கு உடம்பு அலுப்பு, படுத்திட்டார். மண்ணிலைதான் பிழையாம் எண்டு அண்ணை சொன்னவர் எண்டு சொன்னன். ‘உன்ரை அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும், அந்தாளுக்கு வேலை தெரியும்’ எண்டார். கிணத்திலை அள்ளி அள்ளி ஊத்தித் தேச்சன். விளக்கு, சில்லு, கொழுக்கி, ஒண்டும் விடேல்லை. அவர் எழும்பி வந்து சுவிச்சைப் போட்டார். எரிஞ்சுது அண்ணை. ரெண்டு பேருக்கும் அப்பிடிச் சந்தோசம். நாளைக்குச் சந்தையாலை வந்து மச்சானைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்னவர்.” அவள் கையிலிருந்த தும்பைப் பார்த்தாள். “பிறகு அணைஞ்சது எண்டால், எங்கையோ கொஞ்சம் மண் விட்டிட்டன் எண்டுதானே நான் நினைப்பன்.”

ஏழு வருசம். செத்தவீட்டில் அவள் ‘ஆர் விட்டது’ என்று கேட்டது அவரை அல்ல, தன்னையே. கிறீஸையும் சேர்த்துத் தேய்த்து, நான் மூன்று தரம் செய்ய முடியாத வேலையை அவள் ஒரு பிடி தும்பால் செய்து முடித்திருந்தாள். புறப்படும்போது அவர் வழக்கம்போலத் திரும்பவும் கிறீஸ் பூசியிருப்பார். பழியை அவர் தலையில் போட்டதுபோல் ஆகிவிடுமோ என்று அதைச் சொல்லத் தயங்கினேன். அவளாகவே விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

“நீ ஒரு பொட்டும் விடேல்லை பிள்ளை. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்” என்றேன்.

“அண்டைக்கே பாத்தனீங்களோ?”

“ஓம்.”

அவள் தும்பைப் படியில் வைத்தாள். பிறகு, “அண்டைக்கே சொல்லியிருக்கலாம், அண்ணை” என்றாள். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசமாட்டாளா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் எழும்பி உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை திரும்பவும் போனேன். மழை விட்டிருந்தது, ஒழுங்கையெல்லாம் செஞ்சேறு. பழக்கத்தில் படியில் நின்று வாளியைத் தேடினேன். வாளியும் இல்லை, தும்பும் இல்லை.

“கழுவத் தேவையில்லை. வாங்கோ” என்றாள் உள்ளேயிருந்து.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் இன்னொரு தரம் கூப்பிட்ட பிறகுதான் மண்காலோடு உள்ளே போனேன்.